நம்பி என்னும் திருநாமம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அர்ச்சனைத் தட்டுடன் ஸந்நிதியில் வந்து நிற்கும் ஸேவார்த்திகளிடம் பெயர், நக்ஷத்திரம், கோத்திரம் ஆகிய மூன்றையும் கேட்டு ஸங்கல்பம் செய்து வைப்பது எங்கள் வழக்கம். சென்ற உற்சவத்தில் கருடஸேவை நாளன்று, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் தம் பெயர் நம்பி என்றார். நக்ஷத்திரத்தையும் தயக்கமின்றிச் சொன்னார். கோத்திரம் கேட்டபோது மட்டும் அவர் குரல் தாழ்ந்தது. தங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லித் தலை குனிந்துகொண்டார். பின்னால் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. அடியேனும் வழக்கப்படி விஷ்ணு கோத்திரம் என்று கூட்டி, அர்ச்சனையை முடித்து, துளஸி ப்ரஸாதம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இரவு நடை சாத்திவிட்டு வீடு திரும்பும்போதுதான் மனம் உறுத்தியது. எவ்வளவு பெரிய திருநாமத்தை அவர் தாங்கியிருக்கிறார்! அந்த நாமத்தைத் தாங்கிய மஹான்கள் குலம், கோத்திரம் என்னும் கேள்வியை எவ்வாறு கடந்து நின்றார்கள் என்பதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாகாதா? கேள்வி கேட்டுத் தலைகுனிய வைத்தவன் அடியேன். விடை சொல்லித் தலை நிமிர வைக்க வேண்டிய கடமையும் அடியேனுடையதே. அந்தக் கடனை இந்த உற்சவ மலரில் தீர்க்க முயல்கிறேன்.

நம்பி என்ற சொல்லுக்கு ஆடவருள் சிறந்தவன் என்றும், நற்குணங்களால் நிறைந்தவன் என்றும் பெரியோர் பொருள் கூறுவர். வடமொழியில் குருபரம்பரை எழுதியவர்கள் இச்சொல்லைப் பூர்ணர் என்று மொழிபெயர்த்தனர். பெரிய நம்பி மஹாபூர்ணர் ஆனார். திருக்கோஷ்டியூர் நம்பி கோஷ்டீபூர்ணர் ஆனார். பெரிய திருமலை நம்பி ஸ்ரீசைலபூர்ணர். திருக்கச்சி நம்பி காஞ்சீபூர்ணர். வடுக நம்பி ஆந்த்ரபூர்ணர். சிவனடியார்களிலும் சுந்தரமூர்த்தி நாயனாருக்கு நம்பியாரூரர் என்ற பெயர் உண்டு. எனவே இது தமிழ்நாடு முழுவதும் பெருமையோடு வழங்கிய பெயர்.

ஸம்ப்ரதாயக் கணக்குப்படி 1017ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்து 1137 வரை 120 ஆண்டுகள் எழுந்தருளியிருந்தவர் பகவத் ராமாநுஜர். அவருடைய திருவவதாரத்தின் 1000 ஆண்டு நிறைவை 2017ஆம் ஆண்டில் நாடெங்கும் கொண்டாடினோம். அந்த மஹானை உருவாக்கிய பெரியோர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் நம்பி, நம்பி, நம்பி என்றே வரும். அவர்களில் சிலருக்கு இயற்பெயர் வேறு. உலகம் அழைத்த பெயர் நம்பி. திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த ஆளவந்தார் என்னும் யாமுநாசார்யரின் திருவடி ஸம்பந்தம் பெற்றவர்கள் அவர்கள். நிறைந்தவர் என்று பெயர் பெற்ற இவர்கள் எதனால் நிறைந்தார்கள்? குலத்தாலா, கல்வியாலா, செல்வத்தாலா? குருபரம்பரை நூல்கள் சொல்லும் அவர்கள் சரித்திரத்தையே கேட்போம்.

திருக்கச்சி நம்பி

சென்னைக்கு அருகிலுள்ள பூவிருந்தவல்லியில், மாசி மாதம் மிருகசீர்ஷ நக்ஷத்திரத்தில், வைசிய குலத்தில் அவதரித்தவர் இவர். நந்தவனம் அமைத்துப் பூப்பறித்து, மாலை கட்டி, காஞ்சிப் பேரருளாளனுக்கு ஸமர்ப்பித்து வந்தார். பிறகு ஹஸ்திகிரியிலேயே தங்கிப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கர்யத்தை மேற்கொண்டார். விசிறும் வேளையில் பேரருளாளன் இவரோடு நேரில் பேசுவான் என்பது காஞ்சியில் அனைவரும் அறிந்த செய்தி. வரதன்மீது வடமொழியில் தேவராஜாஷ்டகம் பாடியவரும் இவரே.

இளைய ராமாநுஜர் யாதவப்ரகாசரின் பாடசாலையை விட்டு விலகி, இனி என் செய்வது என்று திகைத்து நின்ற காலத்தில் இவரைத்தான் அடைந்தார். சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் ஒரு குடம் தீர்த்தம் கொண்டுவந்து பெருமாளுக்கு ஸமர்ப்பிக்குமாறு நம்பி வழிகாட்டினார். ராமாநுஜருக்கு இவரையே ஆசார்யராக வரிக்க ஆசை. குலத்தைக் காரணம் காட்டி நம்பி இசையவில்லை. ஆசார்யராக வாராவிட்டாலும் அவர் அமுது செய்த சேஷத்தையாவது உண்ண வேண்டும் என்று எண்ணி, ராமாநுஜர் தம் திருமாளிகைக்கு அவரை அமுது செய்ய அழைத்தார்.

விருந்து தயாரானதும் நம்பியை எதிர்கொள்ள ராமாநுஜர் ஒரு வீதி வழியே சென்றார். நம்பி வேறொரு வீதி வழியே வந்து சேர்ந்தார். கைங்கர்யத்திற்கு நேரமாகிறது என்று சொல்லி, ராமாநுஜரின் தேவிகள் தஞ்சமாம்பாள் பரிமாறியதை விரைவாக அமுது செய்து புறப்பட்டுவிட்டார். அம்மையார் அந்த இலையைக் கோலால் தள்ளி எறிந்து, இடத்தைச் சாணமிட்டு மெழுகி, தலைமுழுகி, கணவருக்கென்று மறுபடியும் தளிகை செய்யத் தொடங்கினார். திரும்பி வந்த ராமாநுஜர் மெழுகிய தரையைத்தான் கண்டார். தாம் ஆசைப்பட்ட அமிர்தம் எச்சில் என்று எறியப்பட்டுவிட்டதே என்று அவர் பட்ட துயரம் சொல்லும் தரமன்று. அம்மையாரும் தமக்குக் கற்பித்த ஆசாரத்தைத்தான் செய்தார். அந்த ஆசாரமே ஒரு மஹானின் அருளைத் தம் மனைக்கு வெளியே தள்ளிவிட்டது என்பதை அவர் அறியவில்லை.

ராமாநுஜருடைய மனத்திலிருந்த ஐயங்களுக்குப் பேரருளாளனிடமிருந்து ஆறு வார்த்தைகளைப் பெற்றுத் தந்தவரும் இந்த நம்பியே. தானே பரம்பொருள் என்பதும், ஜீவனும் ஈச்வரனும் வேறு என்பதும், சரணாகதியே வழி என்பதும், அப்படிச் சரணடைந்தவனுக்கு அந்திம காலத்தில் நினைவு வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை என்பதும், சரீரம் விழும்போதே மோக்ஷம் என்பதும், பெரிய நம்பியை ஆசார்யராகப் பற்ற வேண்டும் என்பதும் அவ்வாறு வார்த்தைகளின் கருத்து. வேதாந்தம் கற்ற பண்டிதர்கள் காத்திருக்க, பகவானுடைய உபதேசம் விசிறி பிடித்த கை வழியாக வந்தது. இது முதல் நம்பியின் நிறைவு.

பெரிய நம்பி

மார்கழிக் கேட்டையில் அவதரித்தவர், திருவரங்கவாஸி. ஆளவந்தாருடைய நியமனப்படி ராமாநுஜரைத் திருவரங்கத்துக்கு அழைத்து வந்தார். ஆனால் இருவரும் காவிரிக்கரையை அடைந்தபோது ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டிருந்தார். ஆசார்யரை உயிரோடு ஸேவிக்கப் பெறாத ஏக்கத்தோடு ராமாநுஜர் காஞ்சிக்குத் திரும்பினார்.

பின்னர் பேரருளாளனின் ஆறாவது வார்த்தையைக் கேட்டு ராமாநுஜர் திருவரங்கத்தை நோக்கிப் புறப்பட்டார். அவரை அழைத்து வரப் பெரிய நம்பியும் குடும்பத்தோடு காஞ்சியை நோக்கிப் புறப்பட்டிருந்தார். இருவரும் மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர் ஸந்நிதியில் சந்தித்தனர். காஞ்சிக்குச் சென்று சாவகாசமாகச் செய்யலாம் என்று நம்பி கருதினார். உடல் நிலையற்றது, ஆளவந்தார் விஷயத்தில் ஒரு நாள் தாமதம் எவ்வளவு பெரிய இழப்பாயிற்று என்று ராமாநுஜர் நினைவூட்டினார். அங்கேயே மகிழ மரத்தடியில் பஞ்ச ஸம்ஸ்காரம் நடந்தது.

பிறகு காஞ்சியில் ராமாநுஜரின் திருமாளிகையிலேயே தங்கி, நம்பி ஆழ்வார்களின் அருளிச்செயல்களை அவருக்குக் கற்பித்தார். ஒரு நாள் கிணற்றடியில் நம்பியின் தேவிகளுடைய குடத்து நீர் தஞ்சமாம்பாளின் குடத்தில் தெறித்துவிட்டது. குலத்தில் யார் உயர்வு, யார் தாழ்வு என்று சொற்கள் வளர்ந்தன. செய்தியறிந்த நம்பி கோபிக்கவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. ராமாநுஜருக்கு மனக்கிலேசம் உண்டாகலாகாது என்று கருதி, சொல்லாமலே திருவரங்கம் திரும்பிவிட்டார். இதற்குப் பின்பே ராமாநுஜர் இல்லறம் துறந்து ஸந்யாஸம் மேற்கொண்டார். பெரிய நம்பியின் சரித்திரம் இவ்வளவில் முடியவில்லை. இவரைப் பற்றி மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருக்கோஷ்டியூர் நம்பி

சிவகங்கை மாவட்டத்திலுள்ள திருக்கோஷ்டியூரில் வைகாசி ரோகிணியில் அவதரித்தவர். திருக்குருகைப்பிரான் என்பது இவர் இயற்பெயர். திருமந்திரத்தின் உட்பொருளை ஆளவந்தார் இவரிடம் வைத்துச் சென்றார். அதைப் பெறுவதற்காக ராமாநுஜர் திருவரங்கத்திலிருந்து 18 முறை நடந்தார். தகுதியற்றவருக்குச் சொல்லலாகாது என்ற கட்டுப்பாட்டில் நம்பி மிகவும் உறுதியானவர். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார். கடைசியில் தண்டும் பவித்ரமுமாகத் தனியே வரும்படி சொல்லியனுப்ப, ராமாநுஜர் முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் உடன் அழைத்து வந்து, இவர்களே தம் தண்டும் பவித்ரமும் என்றார். நம்பி உபதேசித்தார். வேறொருவருக்கும் வெளியிடலாகாது, வெளியிட்டால் நரகம் என்பது நிபந்தனை.

மறுநாள் ராமாநுஜர் செய்ததை அறியாத தமிழர் இல்லை. ஸௌம்யநாராயணப் பெருமாள் கோயிலில் உயர ஏறி நின்று, ஆசையுடையோர் அனைவரும் வாருங்கள் என்று கூவியழைத்து, அந்தப் பொருளை எல்லோருக்கும் வழங்கினார். நின்ற இடம் எது, கேட்டவர் எத்தனை பேர் என்பவற்றில் நூல்களுக்குள் வேறுபாடு உண்டு. வழங்கினார் என்பதில் வேறுபாடு இல்லை. நம்பி சினந்து வினவினார். நரகம் அடியேன் ஒருவனுக்குத்தானே, கேட்டவர் அனைவரும் கரையேறுவரே என்று ராமாநுஜர் விண்ணப்பித்தார்.

நம்பியின் பெருமை இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. வயதிலும் ஞானத்திலும் மூத்த ஆசார்யர், கட்டளையை மீறிய சிஷ்யரைத் தண்டித்திருக்கலாம். அவரோ தமக்கு இந்தக் கருணை தோன்றவில்லையே என்று நாணி, சிஷ்யரை அணைத்துக்கொண்டு எம்பெருமானார் என்று திருநாமம் சாற்றினார். நம் ஸித்தாந்தம் இனி எம்பெருமானார் தரிசனம் என்றே விளங்கட்டும் என்றும் வாழ்த்தினார். தம்மிடம் இல்லாதது சிஷ்யரிடம் இருக்கக் கண்டு, அதைப் பலரறியச் சொல்பவருக்கு என்ன குறை இருக்கிறது? அவரே பூர்ணர்.

பின்னொரு காலத்தில் திருவரங்கத்தில் ராமாநுஜரின் மாதுகரத்தில் விஷம் கலக்கப்பட்ட செய்தி கேட்டு, முதுமையையும் பொருட்படுத்தாமல் இந்த நம்பி புறப்பட்டு வந்தார். காவிரியின் சுடுமணலில் ராமாநுஜர் ஓடிவந்து விழுந்து வணங்கினார். நம்பி எழுந்திருக்கச் சொல்லவில்லை. பொறுக்கமாட்டாத கிடாம்பி ஆச்சான் ராமாநுஜரை வாரியெடுத்துத் தம் மார்பில் தாங்கிக்கொண்டு, இது என்ன முறை என்று நம்பியையே கேட்டுவிட்டார். நம்பி மகிழ்ந்தார். ராமாநுஜரின் திருமேனியில் இத்தனை பரிவுடையவர் யார் என்று காணவே அப்படிச் செய்ததாகச் சொல்லி, இனி ராமாநுஜருக்கு அமுது ஸமைக்கும் பொறுப்பை ஆச்சானிடமே ஒப்படைத்தார்.

பெரிய திருமலை நம்பி

வைகாசி ஸ்வாதியில் அவதரித்தவர். ராமாநுஜருடைய தாயார் காந்திமதி அம்மையாரின் தமையனார். குழந்தைக்கு இளையாழ்வார் என்று பெயரிட்டவரும் இந்த அம்மான்தான். ஆளவந்தாரின் திருவுள்ளப்படி திருமலையிலேயே தங்கி, திருவேங்கடமுடையானின் திருமஞ்சனத்திற்குப் பாபவிநாசத்திலிருந்து தீர்த்தம் சுமந்து வந்தார். ஒரு நாள் வேடன் உருவில் பெருமாள் வழிமறித்து, தாதா என்று அழைத்துத் தாகத்திற்கு நீர் கேட்டதாகவும், குடத்து நீரைப் பருகிவிட்டு, அம்பெய்து ஆகாசகங்கையைக் காட்டியதாகவும் ஐதிஹ்யம். அதனை நினைவூட்டும் தண்ணீரமுது உற்சவம் திருமலையில் நடைபெற்று வருகிறது. இவர் வம்சத்தார் தாதாசார்யர் என்று வழங்கப் பெறுகின்றனர்.

ராமாநுஜர் முதன்முறை திருமலைக்கு ஏறி வந்தபோது, இந்த நம்பி ப்ரஸாதத்தைத் தாமே சுமந்து எதிர்கொண்டார். இதற்கு ஒரு சிறியவரை அனுப்பியிருக்கலாகாதா என்று ராமாநுஜர் பதறினார். நான்கு வீதியிலும் தேடிப் பார்த்தேன், என்னைவிடச் சிறியவர் ஒருவரும் அகப்படவில்லை என்ற பொருளில் நம்பி விடையளித்தார். ஆசார்ய ஸ்தானத்திலுள்ள முதியவர் சொன்ன விடை இது. உபசாரத்திற்குச் சொன்னதாக இருந்தால் அன்றே மறந்து போயிருக்கும். உள்ளபடியே அவர் அப்படி எண்ணியிருந்தார். ஆகையால்தான் ஆயிரம் ஆண்டுகளாகியும் நம்முடன் இருக்கிறது.

அவர் நாள்தோறும் மலையடிவாரத்துக்கு இறங்கி வந்து, ஓராண்டு காலம் ஸ்ரீராமாயணத்தின் உட்பொருளை ராமாநுஜருக்கு உபதேசித்தார். முடிவில் தம்மிடமிருந்த மருமகன் கோவிந்தரை, பிற்காலத்தில் எம்பார் என்று புகழ் பெற்றவரை, ராமாநுஜருக்கு தானமாகத் தந்தார். பிரிவாற்றாமல் கோவிந்தர் ஒரு நாள் திரும்பி வந்தபோது, விற்ற பசுவுக்குப் புல்லிடுவது விற்றவன் வேலையன்று என்ற நியாயத்தைச் சொல்லி, அமுதும் இடாமல் திருப்பி அனுப்பினார். கொடுத்ததைக் கொடுத்ததாகவே விடுவதும் ஒரு நிறைவு. இவருக்குத் திருமலைத் தெற்கு மாடவீதியில் தனி ஸந்நிதி உண்டு. அடுத்த முறை திருமலைக்குச் செல்லும் அன்பர்கள் அங்கும் ஸேவிக்க வேண்டுகிறேன்.

மாறனேர் நம்பி

மேலே சொன்ன நால்வருக்கும் ஸந்நிதிகளும் திருநக்ஷத்திர உற்சவங்களும் உண்டு. அவர்களோடு ஒப்ப ஆளவந்தாரின் திருவடியில் ஆச்ரயித்த இன்னொரு நம்பியை யாத்ரிகர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். உலகம் தீண்டலாகாது என்று ஒதுக்கி வைத்த குலத்தில் பிறந்தவர் அவர். மாறன் என்பது நம்மாழ்வாரின் திருநாமம். அந்த மாறனுக்கு நேரானவர் என்னும்படி மாறனேர் நம்பி என்று அவரை அழைத்தார்கள்.

ஆளவந்தார் ராஜபிளவை என்னும் கொடிய நோயால் வருந்தியபோது, அந்த நோவை ஆசார்ய ப்ரஸாதமாகத் தமக்குத் தருமாறு வேண்டிப் பெற்றுக்கொண்டவர் இவர் என்று பூர்வர்கள் பணித்துள்ளனர். ஆசார்யரின் ஞானத்தைக் கேட்டுப் பெற்றவர் பலர். வலியைக் கேட்டுப் பெற்றவர் இவர் ஒருவரே. பிறகு அந்நோவிலேயே தம் இறுதிக் காலம் நெருங்கியபோது அவருக்கு ஒரு கவலை உண்டாயிற்று. ஆசார்ய ஸம்பந்தம் பெற்ற இந்த உடல், பகவத் ஸம்பந்தம் அறியாத உறவினர் கையில் விழுந்தால், வேள்வியில் தேவர்க்கென வைத்த ஹவிஸ்ஸை நாய்க்கு இட்டதாகும் என்று எண்ணினார். பெரிய நம்பியிடம் இதனை விண்ணப்பித்தார்.

மாறனேர் நம்பி பரமபதித்தார். பெரிய நம்பி வந்தார். ஞானிகளுக்கும் ஆசார்யர்களுக்கும் உரிய ப்ரஹ்மமேத முறைப்படி அந்தத் திருமேனிக்கு ஸம்ஸ்காரம் செய்தார். நம் மரபில் ஈமக்கடன் என்பது புத்திரன் தகப்பனுக்குச் செய்வது. அதனை வேதம் வல்ல அந்தணர், ஊர் தொடாத ஒருவருக்குத் தம் கையால் செய்தார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. திருவரங்கத்து உற்றார் உறவினர் பெரிய நம்பியை விலக்கி வைத்தார்கள். செய்தி ராமாநுஜரிடம் சென்றது. ராமாநுஜர் நம்பியின் திருவுள்ளம் அறிந்தவர்தாம். ஆயினும் உலகோர் கேட்கும்படி அவர் வாயாலேயே விடை வரவேண்டும் என்று கருதி வினவினார். நம்பி கூறிய விடையின் கருத்து இது. சக்கரவர்த்தித் திருமகன் ஜடாயு என்னும் பறவைக்குத் தந்தைக்குரிய கடனைச் செய்தான். தருமபுத்திரர் விதுரருக்குச் செய்தார். நான் ராமனைவிட ஆசாரம் மிக்கவனா? தருமனைவிடக் குலத்தில் உயர்ந்தவனா? மாறனேர் நம்பிதான் அந்தப் பறவைக்கும் விதுரருக்கும் தாழ்ந்தவரா? ஆழ்வார் பாசுரங்களில் அடியாரின் குலம் பாராதே என்று ஓதுவதெல்லாம் வெறும் கடலோசையா, பொருளுள்ள சொல்லா?

வடமொழிப் பாடசாலையில் படித்த நாளில் அடியேனுக்கு ஜடாயு மோக்ஷ ஸர்க்கம் மனப்பாடம். அந்த ஸர்க்கத்தைக் காரியத்தில் கொண்டு வந்து காட்டிய ஒரு முதியவரை, அதைப் பாராயணம் செய்த ஊரே விலக்கி வைத்தது என்று பின்னாளில் படித்தபோது நெஞ்சு நடுங்கியது. ஓதுவது வேறு, ஒழுகுவது வேறு. பெரிய நம்பிக்கு இரண்டும் ஒன்றாயிருந்தன.

பெரிய நம்பியின் முடிவு

காலம் சென்றது. அக்காலத்துச் சோழ மன்னன் ஒருவன், சிவனுக்கு மேல் தெய்வமில்லை என்று எழுதிக் கையொப்பமிடுமாறு ராமாநுஜரை வற்புறுத்த ஆள் அனுப்பினான். அம்மன்னன் யார் என்பதில் சரித்திர ஆராய்ச்சியாளர்கள் ஒருமனப்படவில்லை. ராமாநுஜரைக் காப்பதற்காகக் கூரத்தாழ்வான் அவருடைய காஷாயத்தை உடுத்து, தாமே ராமாநுஜர்போல அரசவைக்குப் புறப்பட்டார். 105 வயதான பெரிய நம்பியும் உடன் சென்றார். இருவரும் இசையவில்லை. இருவருடைய கண்களும் பறிபோயின.

நம்பியின் திருமகளார் அத்துழாய் வழிநடத்த, பார்வையிழந்த இருவரும் திருவரங்கம் நோக்கி நடந்தனர். தஞ்சைக்கு அருகிலுள்ள பசுபதிகோயிலை அடைந்தபோது நம்பி தளர்ந்து, கூரத்தாழ்வான் மடியில் தலை சாய்த்தார். இன்னும் சிறிது தூரம் சென்றால் திருவரங்கம் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். அரங்கன் திருவடியில் உயிர் விடுவதைவிட ஒரு வைஷ்ணவனுக்கு வேறு பேறு உண்டா? நம்பி மறுத்துவிட்டார். பெரிய நம்பிக்கே திருவரங்கம் சென்று உயிர் விட்டால்தான் மோக்ஷம் என்று பின்னுள்ளார் எண்ணிவிடக்கூடும்; திருவரங்கம் சேர முடியாத எளியவர்கள் அஞ்சுவார்கள்; ஆகையால் இந்த இடமே போதும் என்றார். தம் மரணத்தையும் பிறருக்கு அபயமாக வைத்து அங்கேயே திருநாடு எழுந்தருளினார். ஊரார் தீண்டாத உடலுக்கு மகன் முறையில் கடன் செய்தவர், இறுதியில் ஊரையும் உறவையும் வேண்டாமல் வழியிடையே நின்றுவிட்டார். பசுபதிகோயிலில் இன்றும் அவரை ஸேவிக்கலாம்.

வடுக நம்பி

இதுவரை ராமாநுஜருக்கு முன்னவர்களைக் கண்டோம். இவர் அவருடைய சிஷ்யர். சோழநாட்டுக் கலக்கத்தால் ராமாநுஜர் மேல்நாட்டுக்கு எழுந்தருளியபோது, கர்நாடகத்தில் மைசூருக்கு அப்பாலுள்ள சாளக்கிராமம் என்னும் ஊரில் வந்து சேர்ந்தவர். சித்திரை அசுவினியில் அவதரித்தவர். ஆசார்யனுக்கு மேல் தெய்வம் அறியாதவர். திருவரங்கத்தில் ஒரு நாள் நம்பெருமாள் வீதிப் புறப்பாடு கண்டருளினார். ஸேவிக்க வருமாறு ராமாநுஜர் அழைத்தார். இவரோ மடைப்பள்ளியில் ஆசார்யருக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். உம்முடைய பெருமாளை ஸேவிக்க வந்தால் என்னுடைய பெருமாளுக்கு வைத்த பால் பொங்கிவிடுமே என்று உள்ளிருந்தே விடை சொன்னாராம். வடமொழியில் யதிராஜ வைபவம் என்னும் நூலில் ராமாநுஜரின் சரித்திரத்தை எழுதி வைத்தவர் இந்தப் பால் காய்ச்சிய கையினரே.

குறுங்குடி நம்பி

நிறைவாக, இப்பெயரை விரும்பி ஏற்ற இன்னொருவரைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்துத் திருக்குறுங்குடியில், மஹேந்திரகிரி அடிவாரத்தில், எம்பெருமானே நம்பி என்ற திருநாமத்தோடு எழுந்தருளியிருக்கிறான். நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி என்று அங்கே ஐந்து நம்பிகள். பாணர் குலத்து நம்பாடுவான் கைசிக ஏகாதசியில் பண் பாடி, ஒரு ப்ரஹ்மரக்ஷஸ்ஸின் சாபத்தைத் தீர்த்ததும் அந்தத் தலத்தில்தான்.

ராமாநுஜர் அங்கு எழுந்தருளியபோது, வடுக நம்பி பின்தங்கி வெகு தொலைவில் இருந்தார். நீராடி முடித்த ராமாநுஜர் வழக்கம்போல் வடுகா என்று அழைத்தார். உடனே ஒருவர் வந்து உலர்ந்த பரிவட்டம் தந்து, திருமண் பெட்டியை நீட்டிப் பணி செய்தார். ராமாநுஜர் தம் திருநெற்றியில் சாற்றிக்கொண்டு, மிகுந்த திருமண்ணை அவர் நெற்றியிலும் இட்டார். ஸந்நிதிக்குள் சென்று பார்த்தால் அந்தத் திருமண் காப்பு அப்பொழுது இட்ட ஈரத்தோடு மூலவரின் திருநெற்றியில் இருந்தது! இத்தனை அவதாரம் எடுத்தும் ஜனங்களைத் திருத்த முடியவில்லை, உமக்கு மட்டும் இவர்கள் எப்படி வசமானார்கள் என்று பெருமாள் வினவ, சிஷ்யனாகக் கேட்டால் சொல்லலாம் என்று ராமாநுஜர் கூற, எம்பெருமான் தாழ்ந்த ஆசனத்தில் அமர்ந்து ஆசார்யரிடம் திருமந்திரம் கேட்டதாகத் தலபுராணம். அப்பொழுது ராமாநுஜர் அவனுக்கு இட்ட தாஸ்ய நாமம் வைஷ்ணவ நம்பி.

அன்பர்களே! ஐதிஹ்யத்தின் அழகைப் பாருங்கள். ஸர்வேச்வரன் ஒரு பெயர் வைத்துக்கொள்ள விரும்பினான். விசிறி வீசிய வைசியருக்கும், தீர்த்தம் சுமந்த முதியவருக்கும், ஊர் விலக்கிய அந்தணருக்கும், ஊர் தொடாத அடியவருக்கும், பால் காய்ச்சிய சிஷ்யருக்கும் உரிய பெயரையே அவனும் ஏற்றுக்கொண்டான். நிறைந்தவன் என்னும் பெயர் அவனுக்கு மட்டுமே பொருந்தும் என்பது வேதாந்தம். அவனோ அதைத் தன் அடியார்களுக்குப் பின் தானும் ஒருவனாக நின்று பெற்றுக்கொண்டான்.

நம்பிகள் எதனால் நிறைந்தார்கள் என்று தொடக்கத்தில் கேட்டோம். தமக்குக் கீழ் ஒருவரும் இல்லை என்று அறிந்ததனால் நிறைந்தார்கள். நிறைகுடம் தளும்பாது என்பது பழமொழி. இவர்கள் தளும்பாததோடு நில்லாமல், தாகமென்று வந்தவர் யாராயினும் சாய்ந்து கொடுத்த குடங்கள்.

ராமாநுஜர் ஆசைப்பட்டும் பெறாமல் போன அந்த இலையை இன்னொரு முறை நினைத்துக்கொள்வோம். ஒருவர் அதைக் கோலால் தள்ளினார். ஒருவர் அதற்காகக் கண்ணீர் விட்டார். ஒவ்வொரு திருக்கோயிலிலும், ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் அந்த இரண்டில் ஒன்று தினமும் நடந்துகொண்டிருக்கிறது. ஸந்நிதியில் நிற்கும் அடியேனும் அதற்கு விலக்கல்ல.

பகவானைப் பற்றியவர்கள் அனைவரும் அச்யுத கோத்திரத்தார் என்று புராணங்கள் கூறும். இவ்வாண்டு உற்சவத்திற்கும் அந்த இளைஞர் வரக்கூடும். வந்தால், கோத்திரம் என்ன என்று அடியேன் கேட்கப் போவதில்லை. பெயரைச் சொன்னதும், பெரிய நம்பியும் மாறனேர் நம்பியும் இருந்த கோத்திரம் என்று அடியேனே அறிந்துகொண்டு, அச்யுத கோத்திரம் என்று உரக்கச் சொல்லி ஸங்கல்பம் செய்து வைப்பேன். கோத்திரம் தெரியாது என்று தயங்கும் ஒவ்வொருவரும் இம்மலரைக் கையில் வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து ஸந்நிதிக்கு வருமாறு பிரார்த்திக்கிறேன். எம்பெருமானார் திருவருள் அனைவருக்கும் பெருகுக.

அடியேன் ராமாநுஜ தாஸன்
திருக்கோயில் அர்ச்சகர்